116 என்ற ஒற்றை எண்ணை நம்பி ஒன்றரை வருடம்

மகனுக்கு முதன்முதலில் எடுத்த அசெஸ்மென்ட் ரிப்போர்ட் ஒரே ஒரு பக்கம். ஐ.க்யூ. 116, சராசரிக்கு மேல், கற்றல் குறைபாடு இல்லை, கையெழுத்துப் பயிற்சி தேவை. மொத்தமே நாலு வரி. "பையன் நல்ல ஷார்ப் மேடம். கொஞ்சம் சோம்பேறித்தனம், அவ்வளவுதான். எழுத எழுதச் சரியாயிடும்" என்றார்கள். 3,500 ரூபாயைக் கட்டிவிட்டு நிம்மதியாக வீட்டுக்கு வந்தேன். அந்த நிம்மதியில் ஒன்றரை வருடம் போயிற்று. யாராவது ஒருவர் அப்போதே "எந்த டெஸ்ட் எடுத்தாங்க, பிரிவுவாரியா மார்க் கேட்டீங்களா" என்று கேட்டிருந்தால் அவ்வளவும் மிச்சம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில், எதைப் பார்த்துச் சந்தேகம் வந்தது என்று சொல்லிவிடுகிறேன். பொதுவாகச் சொல்லப்படும் அறிகுறிகளோடு, கெட்டிக்காரத்தனமும் வாசிப்பு, எழுத்தில் கற்றல் குறைபாடும் சேர்ந்தே இருக்கும் பிள்ளைகள் பொருந்துவதில்லை. மூன்றாம் வகுப்பில் மனக்கணக்கில் வகுப்பிலேயே முதல் ஆள். அதே கணக்கை நோட்டில் போட்டால் எண்ணை மாற்றி எழுதித் தப்பாக்குவான். ஆங்கில வாசிப்பில் 'ஃபோட்டோசிந்தெசிஸ்' வந்தால் தடையில்லாமல் போவான், 'தோ', 'த்ரூ', 'தாட்' மாதிரிச் சின்னச் சொற்களில் விழுவான். நீளமான சொல்லுக்கு ஒரு உருவம் இருக்கிறது, பக்கத்தில் படம் இருக்கிறது, பாடத்தின் போக்கிலிருந்து ஊகித்துவிடலாம். சின்னச் சொல்லை ஊகிக்க வழியில்லை, எழுத்தைப் படித்தே ஆக வேண்டும். தமிழிலும் அதே கதைதான். 'கொ', 'கோ'வில் கொம்பு முன்னால், கால் பின்னால். அவன் கொம்பைப் போட்டுவிட்டுக் காலை மறந்துவிடுவான். 'கொக்கு' 'கெக்கு' ஆகிவிடும். ஒரே பக்கத்தில் ஒரே சொல்லை மூன்று விதமாக எழுதியிருப்பான். வாயால் கேட்டால் பாடம் முழுவதையும் சொல்வான், கேள்வித்தாளில் பாதி காலியாக இருக்கும். பி.டி.எம். போனால் மிஸ் சொல்வது எப்போதும் ஒன்றுதான்: "நல்லாப் பேசுறான், எழுதத்தான் மாட்டேங்கிறான்."

டெஸ்ட்டுக்குப் போகும் முன் கண்ணையும் காதையும் பார்த்துவிடுங்கள். இதை நான் கடைசியில்தான் செய்தேன். கண் கடையில் ஆறுக்கு ஆறு என்று சொன்னால் அது தூரப் பார்வை மட்டும். கண் மருத்துவரிடம் கிட்டப் படிக்கும்போது இரண்டு கண்ணும் சேர்ந்து குவிகிறதா என்றும் பார்க்கச் சொல்ல வேண்டும். காதுக்கு ப்யூர் டோன் ஆடியோமெட்ரி, அதாவது எவ்வளவு மெல்லிய ஒலி வரை கேட்கிறது என்று பார்க்கும் டெஸ்ட். அடிக்கடி சளி பிடித்துக் காதில் நீர் கோக்கும் பிள்ளையாக இருந்தால் இதைத் தள்ளிப்போடாதீர்கள். அரசு மருத்துவமனையில் பெரிய செலவில்லாமல் முடியும். எப்படியும் கற்றல் குறைபாட்டுக்கு அரசுச் சான்றிதழ் வாங்கப் போகும்போது இந்த இரண்டையும் கேட்பார்கள்.

இப்போது அந்த 116-க்கு வருகிறேன். எடுத்தது மிசிக் என்ற டெஸ்ட். மாலின் என்பவர் நாக்பூரில் 1960-களில் இந்தியக் குழந்தைகளுக்காக வடிவமைத்தது. 6 முதல் 15 வயது வரை. இன்றும் பல இடங்களில் இதுதான். கெட்ட டெஸ்ட் என்று சொல்லமாட்டேன், ஆனால் ஒப்பிடுவது அந்தக் காலத்துப் பிள்ளைகளோடு. பழைய அளவுகோலில் இன்றைய பிள்ளைகளுக்கு எண் கொஞ்சம் கூடுதலாகவே வரும். அதைவிடப் பெரிய சிக்கல் அதன் அமைப்பில் இருக்கிறது. மிசிக்கில் வாய்மொழிப் பகுதி, செயல் பகுதி என்று இரண்டே கூறு. எண்களைக் கேட்டுத் திருப்பிச் சொல்வது வாய்மொழிப் பகுதியில் சேர்கிறது. குறியீடு பார்த்து வேகமாக எழுதும் கோடிங் செயல் பகுதியில் சேர்கிறது. கற்றல் குறைபாடு உள்ள பல பிள்ளைகளுக்கு அடி வாங்குவது சரியாக இந்த இரண்டும்தான். ஒன்று ஒரு பக்கம், ஒன்று மறு பக்கம் கரைந்துபோய், கடைசியில் இரண்டு பகுதிக்கும் சராசரி எடுத்து ஒரு எண். ஒரு கையில் கொதிக்கும் நீர், ஒரு கையில் ஐஸ், சராசரியில் வெதுவெதுப்பு என்பது மாதிரி. பிரிவுவாரி மதிப்பெண் அந்த ரிப்போர்ட்டில் இல்லவே இல்லை. கேட்க வேண்டும் என்று எனக்கும் தெரியவில்லை.

'கற்றல் குறைபாடு இல்லை' என்ற வரியும் ஒரு கணக்கிலிருந்து வந்ததுதான். நம் ஊரில் இதற்குப் பெரும்பாலும் நிம்ஹான்ஸ் பேட்டரி என்ற டெஸ்ட் தொகுப்பைப் பயன்படுத்துகிறார்கள். பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல மையத்தில் 1991-இல் உருவானது. 5 முதல் 7 வயதுக்கு ஒரு நிலை, 8 முதல் 12-க்கு இன்னொரு நிலை. கவனம், வாசிப்பு, எழுத்துக்கூட்டல், புரிதல், கணக்கு, பார்த்து வரைதல், நினைவு எல்லாம் அதில் உண்டு. வழக்கமாக முடிவு செய்யும் விதி: படிக்கும் வகுப்புக்கு இரண்டு வகுப்பு கீழே செயல்பட்டால் குறைபாடு. மந்தமாகவே படிக்கும் பிள்ளை இதில் சுலபமாகப் பிடிபடும். கெட்டிக்காரப் பிள்ளை ஊகித்து, மனப்பாடம் செய்து, எப்படியோ ஒரு வகுப்பு கீழே வரைக்கும் தள்ளிக்கொண்டு வந்துவிடும். என் மகன் நாலாம் வகுப்பில் மூன்றாம் வகுப்பு அளவுக்கு வாசித்தான். வாயால் பேசினால் ஏழாம் வகுப்புப் பிள்ளை. அந்த இடைவெளியை அளக்க அங்கே கட்டம் எதுவும் இல்லை. இரண்டு வகுப்புத் தாழ்வு இல்லை, ஆகவே குறைபாடு இல்லை, ஆகவே சோம்பேறி.

நானும் அதை நம்பினேன். இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. பத்து மாதம், மாதம் 1,500 கொடுத்துக் கையெழுத்து வகுப்புக்கு அனுப்பினேன். தினமும் இரண்டு பக்கம் காப்பி ரைட்டிங். எழுத்து கொஞ்சம் அழகானது, தப்பு அப்படியே இருந்தது. அடித்ததில்லை, ஆனால் "வேணும்னே பண்றியா" என்று எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. ஒரு கட்டத்தில் பள்ளிக்கூடம் போகும் நாளெல்லாம் காலையில் வயிற்று வலி.

இடையில் இரண்டு முட்டாள்தனம். ஒன்று, கைரேகையை ஸ்கேன் செய்து பிள்ளையின் அறிவு வகையைச் சொல்லும் டி.எம்.ஐ.டி. கண்காட்சி ஒன்றில் ஸ்டால் போட்டிருந்தார்கள். 6,000 ரூபாய், வழவழ தாளில் நாற்பது பக்கம், வண்ண வண்ண வரைபடம். அறிவுக்கும் கைரேகைக்கும் முடிச்சுப் போட அறிவியல் ஆதாரம் எதுவும் கிடையாது. அந்தக் காகிதத்தைப் பள்ளியில் காட்டினால்கூட மதிக்கமாட்டார்கள். இரண்டாவது, முதல் டெஸ்ட் முடிந்து ஐந்தே மாதத்தில் இன்னொரு இடத்தில் 8,000 கொடுத்து மறுபடி டெஸ்ட். பழைய ரிப்போர்ட்டை எடுத்துப்போகவில்லை, எந்த டெஸ்ட் எடுக்கப்போகிறார்கள் என்றும் கேட்கவில்லை. அதே மிசிக். இந்த முறை 124! "பாருங்க, முன்னேற்றம்" என்றார்கள். முன்னேற்றமும் இல்லை, ஒன்றும் இல்லை. புதிர்க் கட்டைகளையும் படங்களையும் அவன் ஏற்கெனவே பார்த்திருந்தான். ஒரே டெஸ்ட்டை ஒரு வருடமாவது இடைவெளி விடாமல் திரும்ப எடுத்தால் பழக்கத்தால் எண் ஏறும், அதிலும் கட்டை அடுக்குவது மாதிரிச் செயல் பகுதியில்தான் அதிகம் ஏறும். போதாததற்கு, கையெழுத்துப் போட்டவருக்கு ஆர்.சி.ஐ. பதிவே இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. அந்த ரிப்போர்ட்டைப் பள்ளி ஏற்கவில்லை. முதல் டெஸ்ட், கைரேகை, கையெழுத்து வகுப்பு, இது என்று கூட்டினால் 32,500.

ஆர்.சி.ஐ. என்பது இந்திய மறுவாழ்வு கவுன்சில், 1992 சட்டத்தின்படி இயங்குவது. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், ஸ்பெஷல் எஜுகேட்டர் இருவருக்கும் அங்கே பதிவும் எண்ணும் உண்டு. அவர்களுடைய இணையதளத்திலேயே தேடிப் பார்த்துக்கொள்ளலாம். எண்ணைக் கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்று நான் தயங்கினேன். முறையாகப் படித்தவர்கள் யாரும் கோபித்துக்கொள்ளவில்லை, ரிப்போர்ட்டின் கடைசிப் பக்கத்திலேயே போட்டுக் கொடுக்கிறார்கள். 'கவுன்சிலர்', 'சைல்டு எக்ஸ்பர்ட்', 'பேரன்டிங் கோச்' என்று மட்டும் போர்டில் இருந்தால் டெஸ்ட்டுக்கு அங்கே போகாதீர்கள்.

மூன்றாவது முறை போன் போட்டுக் கேள்வி கேட்டுத்தான் இடத்தை முடிவு செய்தேன். மதுரையிலும் சென்னையிலுமாக ஏழு இடம். கேட்டவை இவைதான்: அறிவுத்திறனுக்கு எந்த டெஸ்ட் எடுப்பீர்கள், அதில் நாலு குறியீடும் (மொழி, பார்த்துப் பகுத்தறிதல், நினைவு, வேகம் என்ற நாலு திறனுக்குமான மதிப்பெண்) தனித்தனியாக ரிப்போர்ட்டில் வருமா? வாசிப்பை நேரம் வைத்தும் வைக்காமலும் இரண்டு விதமாகப் பார்ப்பீர்களா? அர்த்தமில்லாத சொற்களை வாசிக்கச் சொல்லும் டெஸ்ட் உண்டா? ஒரே விஷயத்தை வாயால் சொல்லவைத்தும் எழுதவைத்தும் ஒப்பிடுவீர்களா? எத்தனை அமர்வு? நேரில் உட்கார்ந்து ரிப்போர்ட்டை விளக்குவீர்களா? "எல்லாம் பார்ப்போம் மேடம், நேர்ல வாங்க" என்ற இடங்களை விட்டுவிட்டேன். ஒரே அமர்வில் ஒன்றரை மணி நேரத்தில் எல்லாம் முடியும் என்றவர்களையும் விட்டுவிட்டேன். இவற்றில் அந்த அர்த்தமில்லாச் சொல் டெஸ்ட்டைத் தவறவே விடாதீர்கள். 'ப்ளிம்', 'டஸ்கிட்' மாதிரி அகராதியில் இல்லாத சொல்லை ஊகிக்க முடியாது, மனப்பாடமும் உதவாது. கெட்டிக்காரப் பிள்ளை ஒளிந்திருக்கும் இடம் அங்கேதான் திறக்கும். அதோடு வண்ணங்கள், எண்கள், எழுத்துகள் வரிசையாக இருக்கும் அட்டையைப் பார்த்து எவ்வளவு வேகமாகப் பெயர் சொல்கிறான் என்ற டெஸ்ட்டும் கட்டாயம் வேண்டும்.

சென்னையில் ஒரு இடம் கிடைத்தது, கட்டணம் 14,000. முதலில் பாண்டியன் எக்ஸ்பிரஸில் இரவு ஏறி, விடிகாலை எழும்பூரில் இறங்கி நேராக டெஸ்ட்டுக்குப் போய்விடலாம் என்றுதான் நினைத்தேன். அந்த சைக்காலஜிஸ்ட்டே தடுத்தார். தூக்கமில்லாமல் வரும் பிள்ளைக்கு வேகம் சம்பந்தப்பட்ட மதிப்பெண் விழும், பிறகு அது களைப்பா குறைபாடா என்று பிரிக்க முடியாது. முதல் டெஸ்ட்டை நான் பள்ளி விட்டு வந்து மாலை ஐந்து மணிக்கு வைத்தது நினைவுக்கு வந்தது. முந்தின நாளே போய் லாட்ஜில் தங்கினோம். இரண்டு நாள், இரண்டு காலை, ஒவ்வொரு நாளும் இரண்டரை மணி நேரம், நடுவில் இடைவேளை.

கையில் எடுத்துப்போனவை: மூன்று வருட மார்க் கார்டு, மிஸ் திருத்திய நோட்டு, திருத்தாத ரஃப் நோட்டு, கண், காது ரிப்போர்ட், பழைய டெஸ்ட் இரண்டும், அவன் எப்போது நடந்தான், எப்போது பேசினான் என்ற விவரம், குடும்பத்தில் யாருக்காவது வாசிப்புச் சிரமம் இருந்ததா என்ற குறிப்பு. கடைசியில் சொன்ன அந்தக் கேள்வியை அவர்கள் கேட்டபோதுதான், எங்கள் வீட்டுக்காரர் ஏன் எந்தப் படிவத்தையும் என்னிடமே நிரப்பக் கொடுப்பார் என்று முதன்முறையாக யோசித்தேன். ரஃப் நோட்டை அவசியம் எடுத்துப்போங்கள். ஃபேர் நோட்டில் பாதி அம்மா எழுத்துக்கூட்டியது. கவனக்குறைவு இருக்கிறதா என்று பார்க்க வாண்டர்பில்ட் படிவம் பெற்றோருக்கு ஒன்று, ஆசிரியருக்கு ஒன்று கொடுத்தார்கள். ஆசிரியர் படிவத்தை முன்கூட்டியே வாங்கி நிரப்பிக்கொண்டு போனால் ஒரு பயணம் மிச்சம்.

எந்த மொழியில் டெஸ்ட் என்பதையும் பேசிக்கொள்ளுங்கள். வீட்டில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம் என்றால் சொற்பொருள், பொது அறிவுக் கேள்விகளை ஆங்கிலத்தில் மட்டும் கேட்டால் விடை தெரிந்தும் சொல் வராது. இந்த சைக்காலஜிஸ்ட் ஆங்கிலத்தில் கேட்டுவிட்டு, தமிழில் பதில் சொன்னாலும் எடுத்துக்கொண்டார், அதை ரிப்போர்ட்டிலும் குறித்தார். வாசிப்பை இரண்டு மொழியிலும் பார்த்தார். ஆங்கிலத்தில் மட்டும் சிரமம் என்றால் அது மொழிப் பழக்கம் போதாததாகவும் இருக்கலாம். இரண்டிலும் ஒரே மாதிரித் தப்பு வந்தால் சங்கதி வேறு.

எடுத்தது விஸ்க் என்ற அறிவுத்திறன் டெஸ்ட்டின் நான்காம் பதிப்பு, இந்தியப் பிள்ளைகளை வைத்து அளவுகோல் அமைத்தது. நாலு குறியீடு தருகிறது: மொழிவழிப் புரிதல், பார்த்துப் பகுத்தறிதல், செயல்படு நினைவு, செயல் வேகம். ஒவ்வொன்றுக்கும் நடுப்புள்ளி 100. 15 புள்ளிக்கு ஒரு படி. மகனுக்கு வந்தது 132, 125, 97, 80. மொத்த ஐ.க்யூ. என்று போட்டால் 114, பழைய 116-க்குப் பக்கத்தில்தான். ஆனால் மேலே உள்ளதற்கும் கீழே உள்ளதற்கும் 52 புள்ளி வித்தியாசம். 23 புள்ளிக்கு மேல் இடைவெளி இருந்தால் மொத்த எண்ணை வைத்து எதுவும் சொல்லக்கூடாது என்பது நடைமுறை. அதற்குப் பதிலாக முதல் இரண்டை மட்டும் சேர்த்துப் பொதுத் திறன் குறியீடு என்று ஒன்று கணக்கிடுவார்கள். அவனுக்கு அது 130-ஐத் தாண்டியது. நூறு பிள்ளைகளில் இரண்டு பேர் அந்த இடத்தில் இருப்பார்கள். அர்த்தமில்லாச் சொல் வாசிப்பு வயதுக்கு வெகு கீழே. பதினோரு பக்கம் ரிப்போர்ட், டிஸ்லெக்சியா என்ற வாசிப்புக் குறைபாடு, கூடவே எழுத்துச் சிரமம். ஆட்டோவில் வரும்போது எனக்கு அழுகை வந்தது. அது பாதி நிம்மதி, பாதி அந்தக் காப்பி ரைட்டிங் நோட்டுகள்.

இந்த ரிப்போர்ட்டும் அரசுச் சான்றிதழும் வேறு வேறு. இதில் பலர் குழம்புகிறார்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 'குறிப்பிட்ட கற்றல் குறைபாடு' என்ற பெயரில் இதுவும் சேர்ந்திருக்கிறது. 2018 ஜனவரியில் வந்த வழிகாட்டுதலின்படி, 8 வயதுக்குப் பிறகே சான்று என்று இருந்தது. 14-இல் மறுபடி, 18-இல் மறுபடி, 18-இல் வாங்குவது ஆயுளுக்கும். குழந்தை மருத்துவர் நரம்பியல், பார்வை, காது கேட்கும் திறன் பார்த்த பிறகு ஐ.க்யூ.; அது 85-க்கு மேல் இருந்தால்தான் நிம்ஹான்ஸ் பேட்டரி என்பது அப்போதைய முறை. 2024-இல் வழிகாட்டுதல்களைத் திருத்தியிருப்பதால், போகும் மருத்துவமனையில் இப்போது என்ன கேட்கிறார்கள் என்று விசாரித்துக்கொண்டு போங்கள். ஆறு வயதில் டெஸ்ட் எடுப்பது வீண் என்று இதற்கு அர்த்தமில்லை; பயிற்சி தொடங்க அது உதவும், சான்றுக்கு உதவாது.

அரசு மருத்துவமனையில் அந்த 'இரண்டு வகுப்பு' விதி மறுபடி எதிரே வந்தது. அங்கே தனியார் ரிப்போர்ட்டை நீட்டி "இதிலேயே போட்டிருக்கு" என்று வாதாடினால் வேலைக்காகாது. நான் செய்தது: பதினோரு பக்கத்தில் நேரம் வைத்து வாசித்த மதிப்பெண், எழுத்துக்கூட்டல் மதிப்பெண் இரண்டையும் ஒரே தாளில் எழுதி மேலே வைத்தேன், ரஃப் நோட்டின் மூன்று பக்கத்தை நகல் எடுத்துக் கீழே வைத்தேன். எழுத்துக்கூட்டலில் அவன் இரண்டரை வகுப்பு கீழே இருந்தான். வாசிப்பில் தப்பித்தவன் எழுத்தில் மாட்டினான், சான்றும் கிடைத்தது. நாலு நடை, இரண்டரை மாதம். செவ்வாய்க்கிழமை மட்டும் பார்ப்பார்கள், டோக்கன் ஏழு மணிக்கே தீரும் என்பதையெல்லாம் இரண்டாவது நடையில்தான் தெரிந்துகொண்டேன். உங்கள் ஊரில் எந்தக் கிழமை என்று முதலில் கேளுங்கள்.

சான்று இருந்தால் சி.பி.எஸ்.இ. பொதுத் தேர்வில் ஒரு மணி நேரத்துக்கு 20 நிமிடம் கூடுதல். மூன்று மணி நேரத் தாளுக்கு ஒரு மணி நேரம். சொல்வதை எழுதுபவர் வைத்துக்கொள்ளலாம். மாநிலப் பாடத்திட்டத்திலும் கூடுதல் ஒரு மணி நேரம் உண்டு, தலைமையாசிரியர் வழியாக அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஒன்பதாம் வகுப்புக்கு முன்பே காகிதத்தைத் தயாராக வைத்தால் நல்லது. பத்தாம் வகுப்பு டிசம்பரில் ஓடுகிறவர்களை அந்த வரிசையில் நிறையப் பார்த்தேன். அறிவு கூடுதல் என்பதற்கு மட்டும், எனக்குத் தெரிந்து, அரசுச் சான்று எதுவும் தருவதில்லை.

பள்ளியில் பேசும்போது 132-இல் தொடங்காதீர்கள். "அவ்வளவு அறிவுன்னா எழுதட்டுமே" என்ற இடத்துக்குத்தான் பேச்சு போகும். நான் செயல் வேகம் 80 என்பதிலிருந்து தொடங்கி, டிக்டேஷனில் எழுத்துப்பிழைக்கு மார்க் குறைக்க வேண்டாம், போர்டைப் பார்த்து எழுதச் சொல்லாமல் நகல் கொடுங்கள், கேள்விக்கு வாயால் பதில் வாங்குங்கள் என்று மூன்றே மூன்று கேட்டேன். இரண்டு கிடைத்தது. பிறகு அடுத்த சந்திப்பில்தான் கணக்கில் கூடுதலாகக் கொடுக்க முடியுமா என்று கேட்டேன்.

டெஸ்ட்டுக்குக் கூட்டிப்போகும்போது பிள்ளையிடம் என்ன சொல்வது என்று பலர் கேட்கிறார்கள். முதல் தடவை "சும்மா ஒரு கேம்" என்று பொய் சொன்னேன். கோடிங்கில் இரண்டு நிமிடம் கை வலிக்க எழுதிவிட்டு வந்து, "இது கேம் இல்ல" என்றான். மூன்றாவது தடவை, உனக்கு எழுதுறது ஏன் கஷ்டமா இருக்குன்னு கண்டுபிடிக்கப் போறோம், சுலபமானதும் வரும், யாருக்குமே தெரியாததும் வரும் என்று சொன்னேன். "அப்போ நான் சோம்பேறி இல்லையா" என்று கேட்டான். டெஸ்ட் முடியட்டும், சொல்றேன் என்றேன். திரும்பி வரும் ரயிலில் விழுப்புரம் தாண்டியதும் ரிப்போர்ட்டைப் பிரித்து, அந்த நாலு எண்ணையும் அவனுக்குப் படித்துக் காட்டினேன்.